இடுப்பு மூட்டில் ‘சின்னக் கீறல்’ ஆபரேஷன்: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில், எலும்பு சிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு குழுவில் ஒரு அக்கா இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குப் பெரிய தொகை கடன் கேட்டிருக்காங்க. இதே ஆபரேஷன் காப்பீட்டு அட்டையிலே இலவசமா நடக்குமே, எதுக்குக் கடன்னு குழுவில் கேட்டிருக்காங்க. அதுக்கு அந்த அக்கா ஒரு நோட்டீஸை எடுத்துக் காட்டினாங்களாம். “சிறு துளை இடுப்பு மூட்டு மாற்று. தசை வெட்டுவதில்லை. வலி இல்லை. தழும்பு இல்லை. மூன்றாம் நாள் வீட்டில்.” அங்கே பெரிசா கிழிப்பாங்க, இங்கே சின்னதா கிழிப்பாங்க, அந்த வித்தியாசத்துக்குத்தான் பணம். இதுதான் விஷயம்.

அந்த அக்கா கேட்டதில் தப்பு ஒண்ணும் இல்லை. வலியிலே இருக்கிறவங்களுக்கு “வலி இல்லை”ன்னு ஒரு சொல் போதும். நான் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்ல வரலை. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ரொம்ப நல்ல ஆபரேஷன். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் இன்றைய முறைக்கு வழி போட்டார். அதுக்கு அப்புறம் எத்தனையோ லட்சம் பேர் குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு நடந்திருக்காங்க. அந்தச் ‘சின்னக் கீறல்’ங்கிற வார்த்தைக்குள்ளே என்ன இருக்கு, என்ன இல்லை, அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

முதல்லே ஒரு விஷயம். நம்ம ஊரில் இடுப்பு வலின்னு சொன்னா எல்லோரும் முதுகுக்குக் கீழே கையை வைப்போம். அது முதுகெலும்பு. இடுப்பு மூட்டு அங்கே இல்லை. தொடை இடுக்கு இருக்கு இல்லையா, அதுக்கு நேர் உள்ளே இருக்கு. தொடை எலும்போட தலை ஒரு பந்து மாதிரி, அது இடுப்பு எலும்பில் இருக்கிற ஒரு கிண்ணத்துக்குள்ளே சுழலுது. அந்த மூட்டு கெட்டால் தொடை இடுக்கில் வலிக்கும், சில பேருக்கு முழங்காலில் வலிக்கும். முழங்காலுக்கே தைலம் தேய்ச்சுக்கிட்டு இரண்டு வருஷம் ஓட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். சம்மணம் போட முடியாது, கால் விரலில் மெட்டி போடக் குனிய முடியாது, நொண்டி நடப்பாங்க. இதுதான் அடையாளம்.

மூட்டு ஏன் கெடுதுன்னா, வயசானதால் தேயறது ஒண்ணு. முடக்குவாதம் ஒண்ணு. பந்துக்கு ரத்தம் போகாம எலும்பு செத்துப் போறது இன்னொண்ணு. இது முப்பது நாற்பது வயசிலேயே வருது. குடிப்பழக்கம் ஒரு காரணம், ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு காரணம். “மூட்டு வலிக்கு உடனே கேட்கும்”னு பொட்டலத்தில் பெயர் இல்லாத மாத்திரையும் பொடியும் கொடுக்கறாங்க பாருங்க, அதில் பலதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை வாங்கி மாசக்கணக்கில் சாப்பிடாதீங்க.

இப்போ ஆபரேஷனுக்கு வருவோம். ‘துளை’ன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? லேப்ராஸ்கோப்பி. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் காலையில் போய் சாயந்திரம் வந்தோமே, அது. வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, வேலையை முடிச்சு ஒரு தையல். இடுப்பு மூட்டு மாற்றும் அப்படித்தான்னு நினைச்சுக்கிறோம். அது வேற, இது வேற. மூட்டு மாற்றும்போது தொடை எலும்போட தலையை ரம்பத்தால் அறுத்து வெளியே எடுக்கணும். கிண்ணத்தைக் குடைஞ்சு சுத்தம் பண்ணி, அதில் உலோகக் கிண்ணத்தைத் தட்டி இறக்கணும். தொடை எலும்போட நடுக் குழியைச் செதுக்கி, அதுக்குள்ளே ஒரு உலோகத் தண்டைச் சுத்தியலால் அடிச்சு இறுக்கணும். அது மேலே புதுப் பந்து. இது இத்தனையும் பழைய முறையிலும் உண்டு, சின்னக் கீறலிலும் உண்டு. ஒரு எலும்பும் குறையாது, ஒரு சுத்தியல் அடியும் குறையாது. வெளியே தெரியிற தோல் கீறல் மட்டும்தான் வித்தியாசம். பழைய முறையில் ஏறக்குறைய ஒரு சாண், 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை. சின்னக் கீறல்னா 10 சென்டிமீட்டருக்குள்ளே, நாலைந்து விரற்கடை. ஓட்டையும் இல்லை, துளையும் இல்லை.

உண்மையாகவே துளை போட்டு, கேமரா விட்டு இடுப்பு மூட்டில் செய்யற ஆபரேஷனும் ஒண்ணு இருக்கு. அது மூட்டை மாற்றுகிற ஆபரேஷன் இல்லை. மூட்டு இன்னும் தேயாத இளவயசுக்காரங்களுக்கு உள்ளே ஓரத்தில் இருக்கிற சவ்வு கிழிஞ்சிருந்தா தைக்கிறதுக்கும், துருத்திக்கிட்டு இருக்கிற எலும்பைச் சீவறதுக்கும். அதிலும் காலை இழுத்துப் பிடிச்சுக் கட்டித்தான் செய்வாங்க. அந்த இழுப்பில் தொடையும் மர்ம உறுப்புப் பக்கமும் மரத்துப் போகலாம், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். நல்லாத் தேய்ஞ்சு போன மூட்டுக்கு அது பயன்படாது. நோட்டீஸில் எதைச் சொல்றாங்கன்னு கேட்டுக்கங்க.

சரி, கீறல் சின்னதா இருந்தா நல்லதுதானே, அதில் என்ன கெடுதல்? வாய் குறுகின பானையை உள்ளே தேய்ச்சுக் கழுவியிருக்கீங்களா? கை போகும், ஆனா உள்ளே என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, கை திரும்பவும் திரும்பாது. டாக்டருக்கும் அதே நிலைதான். அதனால் வரக்கூடிய கோளாறு சிலது இருக்கு.

கிண்ணத்தை ஒரு குறிப்பிட்ட சாய்வில் வைக்கணும். சரியாப் பார்க்க முடியாம சாய்வு மாறிப்போச்சுன்னா, பின்னாடி குனியும்போதோ திரும்பும்போதோ பந்து நழுவி வெளியே வந்துடும். நழுவலைன்னாலும் ஒரு ஓரமாவே உராய்ஞ்சு சீக்கிரம் தேயும். அடுத்தது, தண்டை இறக்கும்போது தொடை எலும்பு விரிசல் விடுறது. இது நம்ம பெண்களுக்கு முக்கியம். மாதவிலக்கு நின்ன பிறகு எலும்பு வலு குறைஞ்சிருக்கும். அப்படிப்பட்ட எலும்பில் குறுகலான வழியா தண்டை அடிச்சு இறக்கும்போது விரிசல் விடறதுக்கு வாய்ப்பு கூடும். வயசான, எலும்பு மெலிஞ்ச பெண்களுக்கு அடிச்சு இறுக்கறதை விட எலும்பு சிமெண்ட் வைத்துப் பொருத்தறது பாதுகாப்புன்னு பல டாக்டர்கள் அதைத்தான் செய்யறாங்க. “சிமெண்டா, சிமெண்ட் இல்லாமலா”ன்னு கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேளுங்க.

மூணாவது, தோல். சின்னக் கீறலைக் கொக்கி போட்டு அகலப்படுத்தித்தான் வேலை செய்ய முடியும். ரொம்ப இழுத்தா தோலோட ஓரம் நைஞ்சு போகும். நைஞ்ச தோல் ஆறாது, அந்த வழியா கிருமி போகும். உடம்பு கனமா இருக்கிறவங்களுக்குக் கொழுப்பு அதிகம், இழுப்பும் அதிகம். சில பேரைப் பார்த்து “உங்களுக்குச் சின்னக் கீறல் சரிப்படாது”ன்னு டாக்டர் சொன்னா, அவர் நல்ல டாக்டர்னு எடுத்துக்கணும்.

நாலாவது, நரம்பு. தொடைக்கு முன்பக்கமா கீறிப் போகிற முறை இப்போ நிறைய வந்திருக்கு. அதில் தசையை வெட்டாம இரண்டு தசைக்கு நடுவிலே புகுந்து போறாங்க, அது உண்மை. ஆனா அந்த வழியில் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற ஒரு நரம்பு இருக்கு. அது நசுங்கினா தொடையோட வெளிப்பக்கம் மரத்துப் போகும். பலருக்கு இது வருது. நடக்கிறதுக்குத் தொந்தரவு இல்லை, பல பேருக்கு நாளாக நாளாகக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். முன்கூட்டியே சொல்லிட்டா பயப்பட மாட்டோம். சொல்லாததால்தான் வாதம் வந்துடுச்சோன்னு அழறாங்க. பின்பக்கமா போற முறையில் அபூர்வமா பெரிய நரம்பு அடிபடலாம். அப்போ பாதம் தொங்கிப் போகும், மேலே தூக்க முடியாது. மயக்க மருந்து தெளிஞ்சதும் “கால் விரலை ஆட்டுங்க, பாதத்தை மேலே தூக்குங்க”ன்னு நர்ஸ் சொல்றது இதைப் பார்க்கத்தான். சும்மா தொல்லை பண்றாங்கன்னு நினைக்காம ஆட்டிக் காட்டுங்க. முடியலைன்னா அப்பவே சொல்லுங்க.

இது எதுவும் எல்லாருக்கும் வராது. கை பழகின டாக்டர்கிட்டே கொஞ்சம் பேருக்குத்தான் வரும். ‘கை பழகின’ங்கிற சொல்தான் முக்கியம். புதுசா இந்த முறையைக் கத்துக்கிற டாக்டருக்கு முதல் ஐம்பது, நூறு கேஸ் வரைக்கும் சிக்கல் கூடுதலா வருதுன்னு பல ஆய்வுகள் சொல்லியிருக்கு. பல வருஷமா ஒரு சாண் கீறி நல்லாச் செய்ற டாக்டர், நீங்க கேட்டீங்கன்னு நாலு விரற்கடை கீறினா, அவருக்கு அது புது வேலை.

இன்னொண்ணு சொல்லணும். சின்னக் கீறல் நிஜமாவே என்ன லாபம் தருதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்காங்க. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்ற ஊரில் 219 பேரை எடுத்துக்கிட்டாங்க. நல்லாக் கை பழகின ஒரே டாக்டர். பாதிப் பேருக்கு 10 சென்டிமீட்டருக்குள்ளே கீறல், பாதிப் பேருக்கு 16 சென்டிமீட்டர். யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி முடிவு பண்ணினாங்க. தனக்கு எந்தக் கீறல்னு நோயாளிக்கும் சொல்லலை. 2005-ல் முடிவு வெளிவந்தது. வலி, ரத்த இழப்பு, எத்தனை நாளில் நடந்தாங்க, எத்தனை நாளில் வீட்டுக்குப் போனாங்க, எதிலும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் இரண்டு சின்னக் கீறல் போட்டு, “தசையே வெட்டுவதில்லை, மறுநாளே நடக்கலாம்”னு 2000-ஐ ஒட்டின வருஷங்களில் பெரிசா விளம்பரம் பண்ணினாங்க. மேயோ கிளினிக்கில் சோதிச்சுப் பார்த்தப்போ, தசை அடிபடத்தான் செய்யுது, ஒரு சின்னக் கீறல் போட்டவங்களைவிட இவங்க தேறவும் தாமதமாகுதுன்னு தெரிஞ்சது. இன்னிக்கு அந்த முறையைப் பத்திப் பேச்சே குறைஞ்சு போச்சு. முன்பக்கமா போற முறையில் முதல் சில வாரம் வலி கொஞ்சம் குறைவா இருக்கு, நடை சீக்கிரம் வருது, இதை நான் மறுக்கலை. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா எல்லோரும் ஒரே மாதிரிதான் நடக்கறாங்க. அந்தச் சில வாரத்துக்காகச் சங்கத்தில் கடன் வாங்கி மூணு வருஷம் தவணை கட்டணுமாங்கிறதை நீங்கதான் சொல்லணும். நான் கட்ட மாட்டேன்.

கீறல் சின்னதோ பெரிசோ, இந்த ஆபரேஷனுக்குப் பொதுவா இருக்கிற ஆபத்துகளும் உண்டு. இதைக் கவனமாக் கேளுங்க, ஏன்னா இதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். அங்கே டாக்டர் இருக்க மாட்டார், நீங்களும் மருமகளும்தான் இருப்பீங்க. மூணாம் நாள் வீடுன்னு சொன்னா, நாலாம் நாளிலிருந்து பொறுப்பு உங்க வீட்டுக்கு வந்துடுதுன்னு அர்த்தம்.

ரொம்பப் பயப்பட வேண்டியது காலில் ரத்தம் உறையறது. படுத்தே இருந்தா கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியா உறைஞ்சுடும். கெண்டைக்கால் வலிக்கும், வீங்கும், சூடா இருக்கும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா திடீர்னு மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடணும். வாயுப் பிடிப்புன்னு சொல்லி ஓமத் தண்ணி கொடுத்துக்கிட்டு உட்காரக் கூடாது. இது வராம இருக்கத்தான் ரத்தம் உறையாத மாத்திரையோ ஊசியோ தர்றாங்க. பெரும்பாலும் நாலைந்து வாரத்துக்குத் தருவாங்க. வலி போச்சுன்னு பத்தாம் நாளே நிறுத்திடறாங்க நம்ம ஆளுங்க. வலிக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை. அப்புறம், வீங்கின காலுக்கு எண்ணெய் தேய்ச்சு நீவி விடவே கூடாது. கட்டி பெயரும்.

அடுத்தது சீழ். நூறு பேரில் ஒருத்தர் இரண்டு பேருக்கு மூட்டுக்குள்ளே கிருமி புகுந்துடும். எண்ணிக்கை குறைவுதான், ஆனா வந்தவங்க படுற பாடு சொல்லி மாளாது. மறுபடி திறந்து கழுவணும், சில சமயம் வச்ச மூட்டையே கழட்டி, மாசக்கணக்கில் மருந்து கொடுத்து, திரும்ப வேற மூட்டு வைக்கணும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்களுக்கு இது அதிகம். அதனால் ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு மாச சர்க்கரை அளவு பார்க்கிற பரிசோதனை செய்யணும். சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், எல்லாத்தையும் முன்னாடியே ஆத்திக்கணும். வெற்றிலையோட புகையிலை போடறவங்க நிறுத்தணும், புகையிலை புண்ணை ஆற விடாது. ரத்தசோகை இருக்கான்னு பார்க்கணும், நம்மில் பாதிப் பேருக்கு இருக்கு. வீட்டுக்கு வந்த பிறகு தையல் போட்ட இடம் சிவந்து சூடாகறது, நீர் கசியறது, குளிர் காய்ச்சல், குறைஞ்ச வலி திரும்பக் கூடறது, இதில் ஒண்ணு வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்க. மஞ்சள் பத்து, பச்சிலை, டீத்தூள் எதுவும் வேண்டாம். தெருக்கோடியில் ஒரு ஊசி போட்டுக்கிட்டாலும் தற்காலிகமா அடங்கி உள்ளே வளரும்.

மூட்டு நழுவுறது பத்தி முன்னே சொன்னேன். அது எப்போ நடக்கும்? தாழ்வா உட்காரும்போது, குத்துக்கால் போடும்போது, கால் மேலே கால் போடும்போது. திடீர்னு சுரீர்னு வலி, கால் ஒரு பக்கம் திரும்பிக்கிடும், நீளம் குறைஞ்ச மாதிரி தெரியும், ஊன்றவே முடியாது. அசைக்காம ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும். கட்டுப் போடறவர்கிட்டே போய் இழுத்துச் சரி பண்ணிடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. உள்ளே இருக்கிறது எலும்பு இல்லை, உலோகம்.

கால் நீளம் மாறுறதும் உண்டு. ஒரு கால் கொஞ்சம் நீளமாகவோ குட்டையாகவோ ஆகலாம். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்னா உடம்பு பழகிக்கும், இல்லைன்னா ஒரு செருப்புக்குள்ளே உயரம் வச்சுக்கலாம்.

இன்னும் நாளான பிறகு வர்றது தேய்மானமும் தளர்ச்சியும். 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய கணக்கெடுப்புப்படி, வெளிநாட்டில் இடுப்பு மூட்டு மாற்றிக்கிட்டவங்க நூறு பேரில் 58 பேருக்கு அது 25 வருஷம் உழைக்குது. அறுபது வயசில் செய்துகிட்டா பெரும்பாலும் அதுவே போதும். நாற்பது வயசில் செய்துகிட்டா இன்னொரு தடவை செய்ய வேண்டி வரலாம், இரண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷனை விடக் கஷ்டமானது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். உள்ளே வைக்கிற மூட்டு எந்தக் கம்பெனி, என்ன மாடல்னு நம்மில் யாருக்காவது தெரியுமா? டெப்யூ என்ற கம்பெனியோட ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றாங்க. அது ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி. உலோகத்தோட உலோகம் உராய்ஞ்சு, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தது, சுத்தி இருக்கிற சதை கெட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அந்த மூட்டு வச்சிருந்தாங்க. 2018-ல் மத்திய அரசின் நிபுணர் குழு, பாதிக்கப்பட்டவங்களுக்கு 30 லட்சம் முதல் 1 கோடியே 23 லட்சம் ரூபாய் வரை இழப்பீடுன்னு கணக்கு வகுத்தது. ஆனா மிகப் பல பேரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியலை. எந்த மூட்டு தன் உடம்பில் இருக்குன்னு தெரிஞ்சு, காகிதம் கையில் இருந்தாத்தானே போய்க் கேட்க முடியும்? மூட்டு வர்ற பெட்டியில் கம்பெனி பெயர், எண் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்க டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்க. அதை ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைங்க.

அடுத்து கையெழுத்து. ஆபரேஷனுக்கு முன்னாடி சம்மதப் படிவம்னு ஒண்ணு வரும். நம்ம வீடுகளில் அதைக் கணவரோ மகனோ வாசலில் நின்னு போட்டுடுவாங்க. 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக்குன்னு மயக்க மருந்து கொடுத்திருந்த நேரத்தில், வெளியே இருந்த அவங்க அம்மாகிட்டே சம்மதம் வாங்கிப் பெரிய ஆபரேஷனே செய்துட்டாங்க. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயசு வந்த நோயாளியோட சம்மதம்தான் சம்மதம், அம்மா சொன்னது செல்லாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால் படிவத்தைத் தமிழில் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, புரிஞ்ச பிறகு நீங்களே கையெழுத்தோ ரேகையோ வைங்க.

டாக்டர்கிட்டே கேட்க வேண்டியது நாலைந்துதான். இந்த முறையில் வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்யறீங்க? முன்பக்கமா, பின்பக்கமா? எந்த மூட்டு வைக்கப் போறீங்க? காப்பீட்டில் வருமா, வராதுன்னா மூட்டு விலையோட சேர்த்து மொத்தம் எவ்வளவு? கடைசியா இதைக் கேளுங்க: “சின்னக் கீறலில் சரியாத் தெரியலைன்னா என்ன செய்வீங்க?” “கீறலைப் பெரிசாக்கிடுவேன், தழும்பை விட மூட்டு முக்கியம்”னு சொல்ற டாக்டரை நம்பிப் படுங்க.

காப்பீடு பத்தி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் இருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளே இருக்கணும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலர் தர்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டுப் போனா கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மையத்தில் அட்டை வாங்கலாம். அட்டை வாங்காதவங்க நோய் வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வைங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் வழக்கமா நடக்குது. காத்திருக்க வேண்டி வரும், வார்டில் கூட்டம் இருக்கும், அதை மறைக்கலை. ஆனா வாரா வாரம் அதே ஆபரேஷனைச் செய்ற கை அங்கே இருக்கு.

(பேச்சுக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் சில:)

எங்க வீட்டில் குத்துக்கால் போடற கக்கூஸ்தான். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன செய்றது?

நல்ல கேள்வி, இதைத்தான் டாக்டருங்க மறந்துடறாங்க. நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி விற்குது. அதைக் கக்கூஸுக்கு மேலேயே போட்டுக்கலாம். ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுடுங்க. குழுவில் ஒண்ணு வாங்கி வச்சு, தேவைப்படறவங்க மாத்தி மாத்தி எடுத்துக்கலாம். வாக்கரும் அப்படித்தான். உட்காரற நாற்காலி முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது.

எவ்வளவு நாள் கழிச்சுக் களை எடுக்க, நாற்று நட போகலாம்?

முதல் மூணு மாசம் நினைக்கவே வேண்டாம். அதுக்குப் பிறகும் குனிஞ்சு நடற வேலை, குத்துக்கால் வேலை திரும்பப் பண்ணலாமா கூடாதான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். எந்தப் பக்கமா கீறினாங்க, மூட்டு எப்படிப் பொருந்தியிருக்குங்கிறதைப் பொறுத்து மாறும். பல பேருக்குத் தரையில் உட்காரவே வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. கோலம் மருமகள் போடட்டும். குழுக் கூட்டத்துக்கு வந்தா அவங்களுக்கு மட்டும் ஒரு நாற்காலி போடுங்க, தலைவி மட்டும் நாற்காலியான்னு யாரும் முகம் சுளிக்காதீங்க. (சிரிப்பு)

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி சொல்லிக் கொடுக்க யார் வருவாங்க?

2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தர்றாங்க. அதில் வேலை செய்ற சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்ம குழுக்களிலிருந்து போனவங்கதான். அவங்ககிட்டேயோ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயோ டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயரைப் பதியுங்க. ஆபரேஷன் ஆன அன்னிக்கு சாயந்திரமோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பாங்க. அதிலிருந்து தினமும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டறது, தொடைத் தசையை இறுக்கறது, வாக்கரோட நடக்கறது, இதை விடக் கூடாது.

அப்போ கடன் கேட்ட அக்காவுக்கு என்ன பதில் சொல்றது?

அவங்களுக்குக் கடன் இல்லைன்னு சொல்லாதீங்க. முதல்லே அவங்களோட ஒரு ஊக்குநர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோட எலும்புப் பிரிவுக்கு எக்ஸ்ரேயோட போய்ட்டு வாங்க. காப்பீட்டு மேசையில் எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க. அதுக்குப் பிறகும் அவங்க தனியார்தான்னு முடிவு பண்ணினா அது அவங்க உரிமை, தீர்மானம் எழுதுங்க. போகிற வர்ற செலவு, கூட இருக்கிறவங்க சாப்பாடு, கமோடு நாற்காலி, மூணு மாசம் கூலி இல்லாத வீட்டுச் செலவு, இதுக்கெல்லாம் இலவச ஆபரேஷனிலும் பணம் வேணும். அந்தச் சின்னத் தொகையை இந்தக் கூட்டத்திலேயே ஒதுக்கி வைக்க முடியுமான்னு பொருளாளர் பார்க்கட்டும்.